கீரையிடம் சம்மதம் கேட்டவள்

தட்டில் சோறு, சோற்றுக்குப் பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல். மித்து தண்ணீர் டம்ளருக்குள் விரல்களை நனைத்துக் கீரையின் மேல் தெளித்தாள். அப்புறம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நானும் காத்திருந்தேன். மதிய வெயில் பால்கனிக் கம்பிகளின் நிழலைத் தரையில் கோடு கோடாகப் போட்டிருந்தது. கீழே காலி மனையில் கம்பி வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து, சட்டென்று நின்றது. கீரையின் மேல் தங்கிய துளி ஒன்று மெல்ல உருண்டு சோற்றுக்குள் போனது.

“அம்மா, இது ஒண்ணுமே சொல்லலம்மா.”

“என்ன சொல்லணும்?”

“சரின்னு சொல்லணும்ல?”

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கோபமோ அடமோ கிடையாது. கதவைத் தட்டிப் பார்த்து, வீட்டில் ஆள் இல்லை என்று திரும்புகிறவர்களின் முகம் இருக்குமே, அந்த முகம்தான்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது முடியவில்லை. பாரிவாக்கத்தில், எட்டிப் பார்த்தால் ஏரி தெரிகிற ஓர் அடுக்குமாடியில் இருக்கிறோம். அவள் சரியாகச் சாப்பிடாமல் இருந்த அந்த நாட்களை நினைத்தால், எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்தது போலத்தான் இருக்கிறது. சத்தங்கள் தூரத்தில் கேட்கின்றன. ஆட்கள் மெதுவாக அசைகிறார்கள். நடுவில் ஒரு குழந்தை, தட்டின் முன்னால் பதிலுக்குக் காத்திருக்கிறது.

நான் சொன்ன பதில்

அது ஓர் ஆடி மாதத்தில் தொடங்கியது. என் கணவர் அன்புவின் குடும்பம் ஆவடிக்கு அந்தப் பக்கம் முத்தாபுதுப்பேட்டை. அவருடைய தாத்தா காலம்வரை பிறர் வயலில் கூலி வேலை. மாமனார் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அன்பு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டன. ஏரிக்கரை அம்மன் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். சுற்றிலும் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் விருதுநகர்ப் பக்கம். கிடா வெட்டு எனக்குப் புதிது இல்லை. ஆனால் கைக்குழந்தையாக இருந்த மித்து விவரம் தெரிந்த மித்துவாக ஆன பிறகு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றது அதுதான் முதல்முறை.

ஏரிக்கரை அம்மனுக்கு அந்த ஆடியில் யாரோ நேர்ந்துவிட்ட கிடா. கழுத்தில் வேப்பிலை மாலை. பூசாரி செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். பம்பை மேளம் நின்றது. அத்தனை கூட்டமும் பேச்சை நிறுத்திவிட்டு ஆட்டையே பார்த்தது.

“ஏம்மா அதைக் குளிப்பாட்டுறாங்க?” மித்து என் காதுக்குள் கேட்டாள்.

குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது, பயமுறுத்தவும் கூடாது என்று நினைக்கிறவள் நான். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதிலைத் தேடினேன்.

“கேக்குறாங்கடா. உன்னைச் சாமிக்குக் குடுக்கலாமான்னு ஆட்டைக் கேக்குறாங்க. அது சரின்னு சொன்னாத்தான் குடுப்பாங்க.”

“அது எப்படிச் சொல்லும்?”

அதற்குள் ஆடு உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பியது. காதுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. மஞ்சள் துளிகள் எங்கள் மேல் தெறித்தன. “உத்தரவு குடுத்துட்சி!” என்று கூட்டம் கத்தியது. பம்பை மறுபடியும் எழுந்தது.

“இப்படித்தான்,” என்றேன். அவள் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியே வந்தேன். நல்லபடியாகச் சமாளித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

காரில் வரும்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல். “நேத்து நம்ம சாப்பிட்ட கோழியை யாரும்மா கேட்டாங்க?”

அன்பு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

தயிர் தலையாட்டியது

அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்துவிட்டாள். முதலில் முட்டை. தண்ணீர் தெளித்தாள். ஆம்லெட் சூடாக இருந்ததால் ஓரத்தில் லேசாகக் கொப்பளித்தது. அதை யோசித்துப் பார்த்து, ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் ஆறிய முட்டை எதுவும் சொல்லவில்லை. மீன் சொல்லவில்லை. அதற்கடுத்து பீன்ஸ், கேரட், கீரை.

“காய்க்கெல்லாம் கேக்க வேண்டாம்டா. அதுக்கு வலிக்காது.”

“அதுக்கு வலிக்காதுன்னு உனக்கு யாரு சொன்னா?”

தயிர் தப்பித்தது. கெட்டித் தயிரில் தண்ணீர் பட்டால் கிண்ணமே குலுங்கும். ரசம் அசையும். நூடுல்ஸ் வழுக்கிக்கொண்டு நகரும். ஆக, தயிர், ரசம், நூடுல்ஸ் மூன்றும் சம்மதித்த சாப்பாடுகள். இட்லி கல்லுளிமங்கன், வாயே திறக்காது.

அன்பு தன் வழியில் ஓர் உபாயம் செய்தார். அவள் தண்ணீர் தெளித்ததும் மேஜைக்கு அடியில் முழங்காலால் ஒரு தட்டு. சோற்றுப் பருக்கைகள் குதிக்கும். இரண்டு வேளை ஓடியது. மூன்றாவது வேளை அவள் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டாள். அதோடு மேஜையும் வேண்டாம் என்று தரைக்கு இறங்கிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்புவின் அக்கா செல்வி அண்ணி வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் இந்த உறவை மதினி என்போம். இங்கே அண்ணி. அண்ணிக்குப் பெரிய குரல், அதைவிடப் பெரிய கை. போடுகிற சோற்றைச் சொல்கிறேன்.

“இன்னாமா பவி, கொயந்த எலும்புந்தோலுமா கீது? சோறு போட்றியா இல்லியா?”

“தண்ணி தெளிச்சுக் கேக்குறா அண்ணி. சாப்பாடு சரின்னு தலையாட்டணுமாம்.”

“யாரு, சோறா?” அண்ணி சிரித்ததில் மித்து கண்ணை விரித்தாள். “ஒங்க அண்ணனுக்கு இத்தினி வருசமா ஆக்கிப் போட்டுகினு கீறேன். அந்த மனுசனே ஒரு நாளு நல்லாக்கீதுன்னு தலையாட்னதில்ல. சோறு ஆட்டுமா?”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மித்துவின் மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

பூந்தமல்லியில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டரம்மா எடை பார்த்தார். “பசிச்சாத் தானா சாப்பிடுவா, விட்டுப் பிடிங்க,” என்று முதல் முறை சொன்னார். அடுத்த முறை போனபோது எடை மெஷினைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஏறச் சொன்னார். அந்தத் துடைத்தல்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. “இப்படியே போனா சேர்த்துப் பாக்க வேண்டியிருக்கும்மா,” என்றார்.

நான் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லப்போய் என் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கப் போகிறாளா? திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் என் மடியில் தூங்கினாள். தூக்கத்தில் கனம் கூடும் என்பார்கள். அவள் கனக்கவில்லை.

செடி தூங்கும் நேரம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்காதே, அது தூங்குகிறது என்று எல்லோர் வீட்டிலும் சொல்வார்கள் இல்லையா? எங்கள் வீட்டில் அம்மா அதைச் சட்டம்போல வைத்திருந்தாள். திடீரென்று யாராவது ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து, தாளிக்கக் கறிவேப்பிலை இல்லாமல் போனால்கூடப் பறிக்கக் கூடாது. வாசனை இல்லாத தாளிப்பைப் போட்டு இறக்குவாள்.

அதையே நான் மித்துவுக்கும் சொல்லியிருந்தேன். அழகாக இருக்கிறதே என்றுதான். எங்கள் பால்கனித் தொட்டிகளில் மாலையானதும் அவள் “குட் நைட்” சொல்லிவிட்டு வருவாள். தூங்கத் தெரிந்ததற்கு வலிக்கவும் தெரியும் என்று ஒரு குழந்தை நினைத்தால், அதில் என்ன தப்பு? யோசித்துப் பார்த்தால் நாம் செய்வது விசித்திரமானதுதான். செடியைத் தொந்தரவு செய்யாமல் ராத்திரி முழுக்கத் தூங்க விடுகிறோம். விடிந்ததும் உருவிக் குழம்பில் போடுகிறோம்.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். தாவரத்துக்கு நரம்பு இல்லை, மூளை இல்லை என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தப் படிப்பு இத்தனை வருஷம் கழித்து என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். மித்து தூங்கும் மதிய நேரங்களில் போனில் தேடித் தேடிப் படித்தேன். ஓர் இலையைப் புழு கடித்தால் தூரத்து இலைக்கும் செய்தி போகிறதாம். வெட்டுப்பட்ட புல்லிலிருந்து எழும் அந்தப் பச்சை வாசனை, அடிபட்ட செடி காற்றில் விடும் ஒன்றாம். அதை வலி என்று சொல்ல முடியாது, உணர்வதற்கு அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டுமே என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் பட்டன. அதுதான் என் தொல்லை. எதைப் படித்தாலும் சரியாகப் படும்.

ஆய்ந்த கீரையின் வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நாள் சாயங்காலம் அரைக்கீரையைக் கிள்ளும்போது அந்த வாசனை எழுந்ததும் கை தானாக நின்றது. இது வாசனையா, கூச்சலா? சின்ன வயதிலிருந்து நான் ஆசையாக முகர்ந்துகொண்டிருந்தது என்ன? அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.

அன்புவுக்கு இந்தச் சிக்கல்கள் கிடையாது. புரட்டாசி முழுக்கக் கறி தொட மாட்டார். மாதம் முடிந்த முதல் ஞாயிறு, விடிவதற்கு முன்னால் கறிக்கடை வரிசையில் நிற்பார். “அந்த ஒரு மாசம் ஆட்டுக்கு லீவு,” என்பார். ஒரு நாள் கேட்டேன், “மத்த மாசமெல்லாம் அதுக்கு வலிக்குமேன்னு நினைச்சிருக்கீங்களா?”

அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். “நெனச்சா சாப்ட முடியுமா பவி? அதான் நெனக்கிறதில்ல.”

இவ்வளவு நேர்மையாக அந்தக் கேள்விக்கு யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

காற்றுக்குக் காத்திருந்தது

சமைத்த கீரை தலையாட்டாது. சமைக்காத கீரை ஆட்டும். இது எனக்கு ஒரு விடியற்காலையில் தோன்றியது.

தொட்டியில் சிறுகீரை வளர்ந்திருந்தது. மித்துவை எழுப்பிப் பால்கனிக்குக் கூட்டிப் போனேன். “பறிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடலாம். இப்பதான் தூங்கி எழுந்திருக்கு. நல்ல மூடுல இருக்கும்.”

அவள் தெளித்தாள். இருவரும் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். ஏரிப் பக்கம் பனிபோல ஏதோ படர்ந்திருந்தது. ஆகாயத்தாமரைகளுக்கு நடுவில் ஓர் எருமையின் முதுகு மட்டும் தெரிந்தது. அதன் மேல் ஒரு கொக்கு. எங்கேயோ தூரத்தில் ரயில் போனது. எனக்குக் காலம், வேலை, குக்கர் எல்லாம் மறந்துபோயின. காற்று வரட்டும் என்று மட்டும் நினைத்தேன். அத்தனை ஆசையாக நான் காற்றை எதிர்பார்த்தது கிடையாது.

வந்தது. இலைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் குனிந்து நிமிர்ந்தன.

“சொல்லிடுச்சு!” மித்து கத்தினாள். அன்றைக்குக் கீரைச் சோறு இரண்டு கவளம் கூடவே போனது.

சில காலைகளில் காற்று வராது. அப்போது அவள் தலைக்குப் பின்னாலிருந்து, அவளுக்குத் தெரியாமல், நான் வாயைக் குவித்து மெதுவாக ஊதினேன். ஒரு கீரைச் செடியின் சார்பாகச் சம்மதம் சொல்லும் ஆளாக நான் ஆகியிருந்தேன்.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு கிடா

மித்துவுக்குக் காது குத்த ஆவணியில் நாள் குறித்திருந்தார்கள். வீட்டில் ஒரு சாவு, அடுத்த வருஷம் மழை வெள்ளம் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்த சடங்கு. அவள் பெயரில் நேர்ந்துவிட்ட கிடா செல்வி அண்ணி வீட்டுக் கொல்லையில் வளர்ந்துகொண்டிருந்தது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை.

அதற்கும் மித்துவுக்கும் ஒரே நட்பு. அகத்திக்கீரைக் கட்டை அதற்கு நீட்டுவாள். அது தண்ணீர் தெளித்துக் கேட்காமல் தின்னும். அதை அவள் கவனித்தாள் என்று எனக்குத் தெரியும். 

ஒரு சனிக்கிழமை நானும் அண்ணியும் சமையல்கட்டில் இருந்தோம். கொல்லையிலிருந்து மித்து ஓடி வந்தாள். பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில் திறந்தபடி கையில் இருந்தது. மூச்சு வாங்கியது. அத்தனை சந்தோஷத்தை அவள் முகத்தில் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

“அம்மா, நான் கேட்டுட்டேன்! தண்ணி ஊத்தினேன். உடனே சரின்னு சொல்லிடுச்சு!”

அண்ணி அடுப்பிலிருந்து திரும்பி அவளை அள்ளி முத்தம் கொடுத்தார். “என் செல்லம்டி நீ! ஆத்தாளே வந்து பேசறா மாரி கீது.”

நான் வெங்காயத்தை அரிந்துகொண்டிருந்தேன். ஆட்டின் காதுக்குள் தண்ணீர் போனால் அது சிலுப்பும். நாயும் சிலுப்பும், குருவியும் சிலுப்பும். அது எனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், பூசாரிக்குத் தெரியும். அந்த வீட்டில் தெரியாத ஓர் ஆள் மித்து மட்டும்தான். சொல்லிவிடலாமா? சொன்னால், மிச்சமிருக்கிற தயிரும் ரசமும்கூடப் போய்விடுமே. தண்ணீரைச் சாக்காக வைத்துத்தானே நாலு கவளம் இறங்குகிறது?

இதை எழுதும்போதும் எனக்கு முடிவு தெரியவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டுமோ?

ஏரிக்கரையில்

ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. விடியும்போது ஏரிக்காற்று சில்லென்று அடித்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லாம் தண்ணீர் தேங்கி இருந்தது. என் தம்பி முத்து விருதுநகரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் தட்டும் துணியும் கம்மலுமாக வந்து இறங்கியிருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்.

கிடாவை முதலில் கொண்டுபோனார்கள். நான் மித்துவை அழைத்துக்கொண்டு காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். பம்பை தூரத்தில் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

“சொல்லிடுச்சாம்மா?”

“ம்.”

அவள் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் கோடு போட்டாள்.

பிறகு கோயில் முன்னால் பாயை விரித்தார்கள். முத்து சம்மணமிட்டு உட்கார, மித்து பட்டுப் பாவாடையோடு அவன் மடியில். ஆசாரி அவள் காது மடலில் பேனாவால் புள்ளி வைத்து, தலையைச் சாய்த்துச் சரிபார்த்தார். சுற்றிலும் நெருக்கமாகச் சொந்தங்கள். யாரோ அவள் வாயில் சர்க்கரையைப் போட்டார்கள்.

ஆசாரி கம்பியை எடுத்ததும் மித்து கேட்டாள். “என்னை யாருமே கேக்கலையே?”

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வெடித்தது.

“அட, இவளப் பார்ரா!” செல்வி அண்ணி கையைத் தட்டினார். “கேட்டுட்டாப் போச்சு. ஏய், அந்தச் செம்ப எட்றா இங்க!”

விளையாட்டாகத்தான் செய்தார். அதில் வேறு எண்ணம் கிடையாது. மஞ்சள் தண்ணீரை மித்துவின் தலையில் ஊற்றினார். தண்ணீர் நெற்றி, கழுத்து, முதுகு என்று வழிந்தது. அந்த நேரம் பார்த்து ஏரியிலிருந்து ஒரு காற்று வந்தது.

மித்துவின் உடம்பு தலை முதல் கால்வரை நடுங்கியது.

“குட்துட்டா! உத்தரவு குட்துட்டா!” கூட்டம் ஆர்ப்பரித்தது. தம்பியோடு வந்திருந்த என் ஊர்ப் பெண்கள் குலவையிட்டார்கள். பம்பைக்காரர்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஆசாரி இடது கையால் காது மடலைப் பிடித்தார்.

மித்து என்னைப் பார்த்தாள். பல் தந்தியடித்தது.

“அம்மா, நான் சரின்னு சொல்லல. குளிருதும்மா.”

அத்தனை சத்தத்தில் அது எனக்கும் முத்துவுக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். முத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “எக்கா?” என்றான்.

நான் எப்போதும் இரண்டு பக்கமும் யோசிக்கிறவள் என்று சொன்னேன் இல்லையா? அப்போதும் யோசித்தேன். ஒரு குத்து, ஒரு அழுகை, முடிந்துவிடும். எல்லோருக்கும் குத்தியிருக்கிறது. எனக்கும் குத்தினார்கள். இத்தனை பேர், இத்தனை சமையல், என் தம்பி ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்திருக்கிறான். இதையெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் என் உள்ளங்கை அவள் காதை மூடியிருந்தது.

“இருங்க,” என்றேன்.

“எறும்பு கடிச்ச மாரிதாம்மா இருக்கும்,” என்றார் ஆசாரி.

“இன்னாமா பவி, நல்ல நேரம் போய்க்கினு கீது.”

நான் பாயில் மண்டியிட்டேன். “மித்து, காது குத்தட்டுமா? தண்ணியெல்லாம் வேண்டாம். வாயால சொல்லு.”

“வலிக்குமா?”

அதுவரை நாங்கள் எல்லோரும் எறும்பு என்றுதான் சொல்லியிருந்தோம்.

“வலிக்கும்.”

“எவ்ளோ?”

“தெரியலடா. எனக்கு ஞாபகம் இல்ல.”

அவள் ஆசாரியின் கையிலிருந்த கம்பியைப் பார்த்து நிதானமாக யோசித்தாள். “அப்ப வேணாம்,” என்றாள்.

அன்பு ஒரு துண்டைக் கொண்டுவந்து அவளைச் சுற்றித் தூக்கிக்கொண்டார். பம்பை தடுமாறி ஓய்ந்தது. செல்வி அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரைக் கூட்டி நடத்துகிறவர் அவர். எல்லோர் முன்னாலும் நின்றுபோனது.

“கொயந்தையக் கேட்டுகினாமா எல்லாம் செய்வாங்க? தடுப்பூசி போட்டியே, அன்னிக்கிக் கேட்டியா?”

கேட்கவில்லை. திமிறத் திமிற இரண்டு கையையும் நான்தான் பிடித்துக்கொண்டேன். நாளைக்கே ஊசி போட வேண்டும் என்றாலும் பிடிப்பேன்.   மித்துவின் காது இன்னும் குத்தாமல்தான் இருக்கிறது.

பந்தியில்

சாப்பாட்டை யாரால் நிறுத்த முடியும்? மதியம் பந்தி போட்டார்கள். மித்து அன்புவின் சட்டைக்குள் முழுகியபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இலையில் சோறு, கத்திரிக்காய்த் தொக்கு, கறிக்குழம்பு. எங்களிடம் யாரும் அதிகம் பேசவில்லை.

“அம்மா.”

“என்னடா?”

“ஆட்டுக்கும் குளிருச்சா?”

ஆவியில் அவள் போட்ட கோடுகள் இன்னும் கார்க் கண்ணாடியில் இருக்கும் என்று சம்பந்தமில்லாமல் நினைத்தேன். தயிர், ரசம், நூடுல்ஸ் என்று வரிசையாக ஞாபகம் வந்தது. எடை மெஷின் ஞாபகம் வந்தது.

“ஆமாடா. குளிர்ந்திருக்கும்.”

“அப்ப அது சரின்னு சொல்லலையா?”

“சொல்லல.”

“கீரை?”

“அது காத்துடா. கொஞ்சம் நான் ஊதினேன்.”

அவள் அழவில்லை.  கறித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் இலை ஓரத்தில் வைத்தாள். தொக்கைச் சோற்றில் பிசைந்து, ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். டம்ளர் பக்கத்திலேயே இருந்தது.

“தண்ணி தெளிக்கலையா?” வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

“அது சும்மாம்மா,” என்றாள் வாய் நிறையச் சோற்றோடு.

இந்தக் காட்சிக்காக அந்த அம்மனிடமே எத்தனையோ நாள் வேண்டியிருந்தேன். பரிமாறுகிறவர் இரண்டாம் முறை வந்தபோது மித்து தானாகவே இலையை நகர்த்திக் காட்டினாள். அவள் பசியாறச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 

அப்போது செல்வி அண்ணி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டியிலிருந்து ஈரல் துண்டு ஒன்றை என் இலையில் வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். எனக்கு ஈரல் பிடிக்கும் என்று, கல்யாணமான நாளிலிருந்து எந்த விருந்திலும் எனக்காக எடுத்து வைக்கிறவர். அன்றைக்கும் எடுத்து வைத்திருக்கிறார்.

நெற்றியில் வெள்ளை இருந்த அந்த ஆடு அகத்திக்கீரையைத் தின்னும்போது அதன் தாடை பக்கவாட்டில் நகரும். அது நினைவுக்கு வந்தது. அண்ணி இரண்டு இலை தள்ளி நின்று, யாருக்கோ குழம்பு ஊற்றுகிறமாதிரி என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்து வாயில் வைத்தேன். மிளகும் நல்லெண்ணெயுமாக, பதமாக வெந்திருந்தது.

மித்து சாப்பிடுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவல் மட்டும்தான்.

“நல்லா இருக்காம்மா?”

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

“நல்லா இருக்கு,” என்றேன்.